கடைசி முறைத் தண்ணீர்

வண்டியை வயல் வரைக்கும் கொண்டு வரச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துப்புத் துலக்கி என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

என் கொழுந்தன் இசக்கிதுரை பெங்களூரிலிருந்து புது கரண்ட் கார் ஓட்டி வந்திருந்தான். வீட்டு முன்னால் நிறுத்தினால் தெருவில் சைக்கிள்கூடப் போக முடியவில்லை. பானட் என் நெஞ்சு உயரம் இருந்தது. ஏறுகிறவர்கள் என்னவோ அவனும் அவன் பெண்டாட்டியும் ஒரு பிள்ளையும்தான். எங்கள் வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டான், ஃப்யூஸ் இரண்டு தடவை போனது. பேட்டரி மட்டும் அறுநூறு கிலோ, வண்டி மொத்தம் ரெண்டே முக்கால் டன் என்று பெருமையாகச் சொன்னான். நானும் வாயைப் பிளந்து கேட்டேன். ஊர் பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கு.

மறுநாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. பத்து நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை. வருகிற திங்கட்கிழமை அணையை அடைக்கிறார்கள் என்பதால் இதுதான் கடைசி. ஒன்றேகால் ஏக்கரில் நெல் பால் பிடித்து நின்றது. இந்தத் தண்ணீர் பாய்ந்தால் வருஷம் முழுக்க வீட்டுச் சோறு, பாயாவிட்டால் பதர். என் வீட்டுக்காரருக்கு மில்லில் காலை ஷிப்ட். நான் மண்வெட்டியோடு விடியும் முன்பே போய்விட்டேன்.

எட்டு மணிக்குக் கால் பங்கு வயல் நனைந்திருந்தது. அப்போதுதான் புத்தி கெட்டுப்போய் போன் போட்டேன். "தம்பி, வண்டியிலேயே வந்துரு. பாலம் தாண்டி வயலோரம் வரைக்கும் வரலாம்."

வாய்க்கால் மேல் கிடந்தது கல்பாலம், எங்கள் வயலுக்கு வண்டி போக அது ஒன்றுதான் வழி. மாட்டு வண்டியும் டிராக்டரும் எங்கள் மாமனார் காலத்திலிருந்து போய்வருகிற பாலம். கார் சத்தமே இல்லாமல் வந்தது. முன்சக்கரம் ஏறியதும் கல் இரண்டாகப் பிளந்தது. முன்பக்கம் வாய்க்காலுக்குள் குத்தி, அடிவயிறு கரையில் உட்கார்ந்துகொண்டது. உடைந்த கல்லும் சக்கரமும் சேர்ந்து தண்ணீரை அடைத்துவிட்டன. இசக்கிதுரை கதவைத் திறந்து குதித்தான். அடி ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. வந்த கையோடு வயல் ஞாபகமும் வந்தது.

டிராக்டர் கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. இதே இடத்தில் முன்பு ஒரு சின்னக் கார் சரிந்தபோது எட்டுப் பேர் கையாலேயே தூக்கி வைத்தார்கள். இதற்கு இருபது பேர் வந்தார்கள், தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கரண்ட் வண்டி அல்லவா, தண்ணீருக்குள் இறங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், பேட்டரி வரை தண்ணீர் ஏறவிடாதீர்கள், யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள், மதுரையிலிருந்து கிரேன் வரும் என்றார்கள். எப்போது? மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆகும்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் கரையில் மேலும் கீழுமாக நடந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"மைனி, மடைய அடைக்கச் சொல்லுங்க" என்றான் இசக்கிதுரை.

பெரிய கால்வாயிலிருந்து எங்கள் வாய்க்காலுக்கு மடை திறந்து மூடுகிறவர் பலவேசம் அண்ணாச்சி. அவர் என்னைத்தான் பார்த்தார். "முறை ஒன்னது, பிள்ள. நீ சொன்னாத்தான் அடைப்பேன். ஆனா பன்னெண்டுக்கு முறை மாறிரும், அத நான் தள்ள முடியாது."

அடுத்த முறை செல்லக்கிளிக்கு. அவள் வயல் மடைக்கும் பாலத்துக்கும் நடுவில் இருக்கிறது, அங்கேயே திருப்பிக்கொண்டால் தண்ணீர் கார் வரை வராது. அவளிடம் ஓடினேன். கிரேன் வந்து காரை எடுத்த பிறகு உன் முறையில் ஒரு இரண்டு மணி நேரம் விட்டுக் கொடு என்று கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் பால் பிடிச்சுல்லா நிக்கு, மைனி" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது தண்ணீர் சக்கரத்தில் பாதி ஏறிவிட்டது. கரை நெடுக ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். எவனாவது வழுக்கி விழுந்தால்?

"அடைச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். அப்போது மணி ஒன்பதரை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வரைக்கும் என் தண்ணீர் என் கண்ணெதிரே பெரிய கால்வாயோடு போய்க்கொண்டிருந்தது. இசக்கிதுரை மேல் வந்த கோபத்தை என் மேல் திருப்பினேன், என் மேல் வந்ததை அவன் மேல் திருப்பினேன். காப்பி கொண்டு வந்தார்கள், குடிக்கவில்லை. பன்னிரண்டுக்குச் செல்லக்கிளி வயலில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது.

மூன்றரைக்குக் கிரேன் வந்தது. பத்தே நிமிஷத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள். இசக்கிதுரை குனிந்து அடியெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டிக்குப் போன் போட்டான். "ஒண்ணும் ஆகலம்மா. நல்லவேளை, ஒண்ணுமே ஆகல."

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து, உடைந்த கல்லைத் தாண்டி, வயலுக்குள் இழுத்துப் போனேன். நனையாத பக்கத்தில் மண் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு கதிரை ஒடித்து அவன் கையில் வைத்தேன். "அமுக்கிப் பாரு."

அமுக்கினான். வெள்ளையாய்ப் பால் வந்தது. இந்த வயலில் நாற்றுக்கட்டு சுமந்து படித்தவன், அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகம் செத்துப்போயிற்று.

"மைனி, லாரித் தண்ணி அடிச்சிருவோம். பத்து லாரியோ இருபது லாரியோ, இன்னைக்கே ஏற்பாடு பண்ணுதேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதனால் திட்டக்கூட வாய் வரவில்லை.

"லாரி எதுமேல வரும், தம்பி?" என்றேன். "அறுத்த கதிர ஏத்த டிராக்டரு எதுமேல வரும்?"

அவன் திரும்பிப் பாலம் இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு வரப்பில் உட்கார்ந்து, கதிரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். அவன் அழாமல் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இப்போது அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.