எங்கள் கூட்டத்தில் இது சகஜம்

அண்ணனைப் பழிவாங்கத் தையல்காரி காத்திருந்தாள் என்று சொன்னால் அது பொய். எதற்கும் காத்திருக்கத் தெம்பில்லாமல் மாத்திரைகள் அவளை அடித்துப் போட்டிருந்தன. அண்ணன்தான் தானாக வந்து மாட்டிக்கொண்டார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரார்த்தனைக் கூடத்தின் போதகர். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது காதில் ஒரு குரல். சாப்பிடாதே என்கிறது, தூங்காதே என்கிறது, வேஷக்காரா என்று ஏசுகிறது. கூடத்துச் சனங்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். போதகருக்கு அருள் இறங்கிவிட்டதாம்!

தங்கையிடம் வந்து ரகசியமாகக் கெஞ்சினார். "நீ இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிட்டுப் போம்மா. டாக்டர்கிட்ட வாயைத் திறந்தா நாக்கு அழுகிடும்னு அது மிரட்டுது. நீதான் எனக்காகப் பேசணும்."

கூட்டிப்போனாள். அவளுக்குத் தெரியாத இடமா அது?

அவளுக்கும் ஒரு காலத்தில் குரல் கேட்டது. சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, "களைச்சுப் போயிட்டியே, நான் இருக்கேன்ல" என்றது. அன்றிலிருந்து பாடிக்கொண்டே தைத்தாள். கூடத்துப் பெண்கள் பிரசங்கம் முடிந்ததும் அவளைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் வந்தது. அண்ணனுக்கு வயிறு எரிந்தது. நைசாகப் பேசி அவளை இங்கே அழைத்து வந்தார்.

"உங்க கூட்டத்துல இப்படிக் குரல் கேக்குறது சகஜமா?" என்று அன்றைய டாக்டர் கேட்டார். ஆமாம் என்றால் அது பக்தி, வீட்டுக்குப் போகலாம். இல்லை என்றால் நோய். வாராவாரம் "காதைத் திறந்து வைங்க, கடவுள் பேசுவார்" என்று மேடையில் முழங்கிய மனுஷன், கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்: "சேச்சே! எங்க கூட்டத்துல அதெல்லாம் கிடையாது டாக்டர். இவளுக்கு மட்டும்தான்."

அதோடு அவள் கதை முடிந்தது. படுக்கையில் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள், குரல் போயிற்று. கூடவே பாட்டும் போயிற்று. கைநடுக்கத்தில் ஊசிக்கு நூல் கோக்க முடியாமல், வேலை பார்த்த தையல் கம்பெனியில் இஸ்திரி போடும் மேஜைக்கு மாற்றப்பட்டாள்.

இன்று டாக்டர் வேறு, இளவயசு. எப்படியோ மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்த கூடத்துச் சனங்கள் வாசலில் நின்றார்கள். அண்ணன் சலவைச் சட்டையில் சாதுவாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் எதைக் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. டாக்டர் தங்கையைப் பார்த்தார்.

"கடவுள் பேசுறார்னு வெளியே ஒரு கூட்டமே சொல்லுதே. நீங்க கூடப்பிறந்தவங்க, நீங்க சொல்லுங்க. உங்க கூட்டத்துல இது சகஜமா?"

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் நிறையக் கெஞ்சல். இல்லை என்று அவள் சொன்னால் போதும், மருந்து கிடைக்கும், இன்றைக்காவது தூங்குவார்.

"ரொம்ப சகஜம் டாக்டர்" என்றாள். "நல்லவங்களுக்குத்தான் கேக்கும். அண்ணன் இப்ப நோன்புல இருக்கார், மௌன விரதம் வேற. நாங்க எல்லாரும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறோம்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப அட்மிஷன் வேண்டாம். ஏதாவது மோசமானா கூட்டிட்டு வாங்க."

நடையில் அண்ணன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏம்மா இப்படிப் பண்ணுன? ராத்திரி பகலா என்னைத் திட்டித் தீக்குது. உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு? என் கஷ்டம் உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணா. என்கிட்ட அது அன்பாத்தான் பேசுச்சு."

அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். தான் எதைப் பிடுங்கினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கட்டும்.

வாசலில் கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. அவர் விம்மி விம்மி அழுதார். அருள் முற்றி அழுகிறார் என்று அவர்களும் சேர்ந்து அழுதார்கள். "என்னைக் காப்பாத்துங்க" என்று அவர் கத்தியதைக்கூட ஜெபம் என்று நினைத்து எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

தையல்காரியும் அவர்களோடு சேர்ந்து, வாய் நிறையச் சொன்னாள்.