கண் தெரியாத சௌகரியம்

கண்புரை ஆபரேஷன் ஆன ஒன்றரை வருஷத்தில் உலகம் மறுபடியும் ஆவி படிந்த கண்ணாடிபோல ஆனது. அழகியமணவாளன் அதற்கு வருத்தப்படவில்லை. அந்த மூட்டம் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது.

காரணம் கண்ணபிரான். ராஜபாளையத்தில் பாங்க் வேலை பார்க்கும் பையன். மகள் அரவிந்தவல்லி, கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்றிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவன் பெருமாள் முன் நின்று பாசுரம் சேவித்தான். நல்ல குரல். ஆனால் தொடங்குமுன் சொன்ன ஆசார்ய வணக்கம் வடகலையாருடையது.

அழகியமணவாளன் தென்கலை. அதுவும் சாதாரணத் தென்கலை இல்லை. நெற்றித் திருமண் மூக்கின்மேல் பாதம் வைத்து இறங்காத ஒருவர் எதிரே வந்தால், ரத வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விடுபவர் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பெயர் வாங்கியவர். அன்று அவர் பையனின் நெற்றி இருந்த திசையைப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ மிதந்தது. அப்பாடா என்றிருந்தது. கண் தெரியாதவன் சம்மதித்தால் ஊர் அவனை என்ன சொல்லிவிட முடியும்? கல்யாணம் முடிந்தபின் மூட்டத்தை நீக்கும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு, மாப்பிள்ளையின் நெற்றியைப் பார்த்துத் திடுக்கிட்டு, கொஞ்ச நாள் கோபமாக இருப்பதாகத் திட்டம்.

பையன் வடகலை என்பது அவருக்குத் தெரியாது என்று நம்பிய மனைவி ஜயலக்ஷ்மியும் மகளும் அதே மூட்டத்தைத் தங்கள் பங்குக்குக் காப்பாற்றி வந்தார்கள். யாராவது லேசர் என்று வாயெடுத்தால் ஜயலக்ஷ்மி உடனே காபி கொண்டுவந்துவிடுவாள்.

எல்லாவற்றையும் கெடுத்தவன் அவள் தம்பி ஸுந்தரராஜன். கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் அழகியமணவாளனுக்குப் பக்கத்தில் நிற்பவன். மாப்பிள்ளையை இன்னும் பார்க்காதவன். நிச்சயதார்த்தத்தன்று காலையில் டாக்ஸியோடு வந்து நின்றான்.

“கிளம்புங்கோ அத்திம்பேர். ராஜபாளையத்துல லேசர் மிஷின் வந்திருக்கு. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலா நிச்சயம் பண்ணுவேள்?”

“அப்புறம் பார்த்துக்கலாமே. முகம் எங்கே ஓடிடப்போறது?”

“இன்னிக்கு நாள் நன்னா இல்லைடா,” என்றாள் ஜயலக்ஷ்மி.

“நிச்சயதார்த்தத்துக்கு நன்னா இருக்கிற நாள், கண்ணுக்கு மட்டும் நன்னா இல்லையா?”

“அப்பாவுக்கு ஜலதோஷம், மாமா.”

“லேசர் மூக்குக்கு இல்லைடி.”

மூன்று பேரும் ஒரே கட்சியாக நின்றும் தோற்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பால்பாண்டி என்கிற உதவியாளர் சொட்டுமருந்து விட்டு, அவரை மிஷின் முன் உட்காரவைத்தார்.

“சாமி, தாடையை இதுல வச்சுக்கிடுங்க. செத்த நேரம் அசையாம இருக்கணும்.”

“சரியாகாமலும் போகுமோ?” என்று ஆசையோடு கேட்டார் அழகியமணவாளன்.

“பயப்படாதிய சாமி. சாயங்காலமே தெரியும். அம்புட்டும் தெரியும்.”

பெருமூச்சு வந்தது. உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கியிருக்கிறது, அதில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கிறோம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். டிக், டிக் என்று சத்தம். வலி இல்லை. நாலு தடவை கொட்டாவி விடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மருந்தின் கூச்சம் மத்தியானத்துக்குமேல் அடங்கியது. பிறகு, மழை விட்ட சாயங்காலம் மேற்கு மலை திடீரென்று பக்கத்தில் வந்து நிற்குமே, அதுபோல உலகம் வந்து நின்றது. உத்தரத்து ஒட்டடை, ஜயலக்ஷ்மியின் புடவைக் கரை, எல்லாம். அவர் கண் தெரியாதவராகவே இருப்பதென்று முடிவு செய்தார். வேண்டுமென்றே கதவில் முட்டிக்கொண்டார். தண்ணீர்ச் செம்பைக் காற்றில் தேடினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

“பால்கோவாத் தட்டுல எறும்பு ஏறறது பார்,” என்று சொல்லும்வரை.

ஜயலக்ஷ்மி நின்றாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பால்கோவா இருந்தா எறும்பும் இருக்காதா?”

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். கண்ணபிரானை அவர் முதல்முறையாகப் பார்த்தார். தெளிவான முகம். காது மட்டும் கொஞ்சம் பெரிசு. நெற்றியில் அழகாக வளைந்த திருமண், பாதம் இல்லாமல்.

“அத்திம்பேர்!” ஸுந்தரராஜன் கத்தியே விட்டான். “பாதம் இல்லை! வடகலை!”

பையனின் அப்பா தாம்பூலத் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“கத்தாதேடா. அவருக்கு இன்னும் கண் தெளியலை,” என்றாள் ஜயலக்ஷ்மி.

“அதான் கண் தெரியாத மனுஷரை ஏமாத்திட்டா! வடகலைன்னு எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அத்திம்பேர், இப்பவே நிறுத்திடறேன்.”

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ஊரில் எடுத்த பெயர் அப்படியே இருக்கும். கல்யாணம் இருக்காது. அழகியமணவாளன் மகளைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற அரவிந்தவல்லி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். மூட்டத்தில் இது அவருக்குத் தெரியவே இல்லை.

“யாரும் ஏமாத்தலை,” என்றார். “எனக்கு முதல் நாளே தெரியும்.”

“அன்னிக்கு எதிர்ல நின்ன ஆளே உங்களுக்குத் தெரியலையே!”

“காது கேட்டுதேடா. அவன் சேவிச்சதைக் கேட்டேன்.”

ஜயலக்ஷ்மி பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்போ நாங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா மறைச்சது?”

“நன்னாத்தான் மறைச்சேள்.”

அரவிந்தவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, விக்கலில் முடிந்தது. ஸுந்தரராஜன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“காலையில கோஷ்டியில கேப்பாளே! நான் என்னன்னு சொல்வேன்?”

அழகியமணவாளன் தாம்பூலத் தட்டைத் தாமே எடுத்து, தடுமாறாமல் கூடத்தைக் கடந்து, சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

“பார்த்துத்தான் கொடுத்தார்னு சொல்லு.”