தகவல் கிடைத்த தேதி

புதன்கிழமை மத்தியானம் பூரணி ஸ்டேசனுக்கு வந்தபோது எனக்கு நல்ல பசி. சாக்குச் சொல்லவில்லை, பசித்தது, அவ்வளவுதான். டயகமப் பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடந்தாலும் வாக்குமூலம் எழுத, தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் நான் ஒருவன்தான். காலையிலிருந்து இரண்டு மலை ஏறி இறங்கி, கால் கழன்றுவிடும் போலிருந்தது.

"அரை நாள் வேலைய விட்டுட்டு வந்திருக்கேங்கய்யா," என்றாள். அவள் புருசன் லெட்சுமணனுக்கும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகுமுத்துவுக்கும் லய வீடுகளுக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியில் வேலித் தகராறு.

"அழகுமுத்து அடிச்சானா?"

"இல்லீங்க."

"வெட்டுவேன், குத்துவேன்னானா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. பேச்சையே விட்டுட்டாரு. அதுதான் பயமா இருக்கு. நாளைக்குத் தேயிலைக் கவ்வாத்து ஆரம்பிக்குது. ஆம்பளைங்க கத்திய தீட்டுறதுக்கு வீட்டுக்குக் கொண்டாருவாங்க. கொஞ்ச நாளைக்கு அதைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துலயே வச்சிப் பூட்டச் சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா கங்காணி கேப்பாரு."

நல்ல யோசனைதான். கங்காணிக்கு ஒரு துண்டுக் கடுதாசி போதும். சார்ஜன் உள்ளேயிருந்து சிங்களத்தில் என்ன விசயம் என்று கேட்டார். குடும்பச் சண்டை என்றேன். நடக்காத குற்றத்துக்கு முறைப்பாட்டுப் புத்தகத்தில் இடமில்லை என்பது அவர் பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடமாகிவிட்டது, சனியன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா வந்து சொல்லு. இப்பப் போம்மா," என்றேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். அழவில்லை.

"ஆயிருச்சுங்கய்யா. விடியக்காலைல எங்க வீட்டுக்காரரு பீலிக்குத் தண்ணி புடிக்கப் போனாரு. வெட்டிப் போட்டிருக்கு, உசுரு இல்லீங்க."

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜீப் பறந்தது. வெட்டினதைப் பார்த்தவர் யாருமில்லை. கவ்வாத்துக்காரர்கள் பதினாறு பேரின் கத்திகளையும் மடுவத்து வாசலில் வரிசையாக வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மழையால் வேலை பாதியில் நின்றிருந்தது, யாருக்கும் கத்தி தீட்டத் தேவை இருக்கவில்லை. பதினைந்தில் தேயிலைக் கறை கறுப்பாக அப்பியிருந்தது. ஒன்று மட்டும் பளபளவென்று கழுவித் தீட்டியிருந்தது. அழகுமுத்து என் முகத்தைப் பார்த்தான், அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். ஒரு மணிக்கெல்லாம் விலங்கு மாட்டியாயிற்று.

சார்ஜன் என் முதுகில் தட்டினார். மேலிடத்துக்கு என் பெயரை எழுதுவாராம்.

கத்திகள் எல்லாம் இப்போது மடுவத்தில்தான் இருந்தன. மூன்று நாளுக்கு முன்பே அவற்றை அங்கே வைத்துப் பூட்டியிருக்கலாம்.

சாயங்காலம் பூரணியை எதிரில் உட்கார வைத்துப் புத்தகத்தைத் திறந்தேன். குற்றம் நடந்த தேதி: 17. தகவல் கிடைத்த தேதி என்ற இடத்தில், அவள் முதலில் வந்த புதன்கிழமைத் தேதியை, 14 என்று எழுதினேன். வேண்டுமென்றேதான் எழுதினேன்.

சார்ஜன் எட்டிப் பார்த்தார். "நடக்கிறதுக்கு மூன்று நாள் முந்தியே எப்படித் தகவல் வரும்? பிழையாக எழுதிவிட்டாய், திருத்து," என்றார் சிங்களத்தில்.

வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் பதினொரு வருசம் சர்வீஸ் இருக்கிறது. 14ஐக் கோடு போட்டு அடித்து 17 என்று எழுதினேன்.

திருத்தம் என்றால் பக்கத்தில் வாக்குமூலம் கொடுத்தவரின் கைநாட்டும் வேண்டும். பூரணிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"எல்லாம் சரியா எழுதிட்டீங்களாய்யா?"

"எழுதிட்டேம்மா," என்றேன். அவள் பெருவிரலை நானே பிடித்து மையில் தோய்த்து, அந்த 17க்குப் பக்கத்தில் அழுத்தினேன்.