புண் கழுவும் அறையின் குழாய்

தீக்காய வார்டிலிருந்து வந்த ஐந்தாவது சீழ் மாதிரியிலும் அதே பச்சை நிறக் கிருமி வளர்ந்திருந்ததைப் பார்த்ததும் ஆய்வகப் பெண் மற்ற நான்கின் தட்டுகளையும் எடுத்து அருகில் வைத்தாள். பதினோரு மருந்துகளை வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. போதாக்குறைக்கு, செல்லைக் கிழிக்கும் நஞ்சைச் சுரக்கவைக்கும் மரபணுவும் ஐந்திலும் இருந்தது.

மாதிரி கொடுத்த ஐவரில் இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவர் வெல்டர், ஒட்டிய தோல் நிற்காமல் அழுகிக்கொண்டிருந்தது. பழியோ அவர் மனைவி தலையில். "வெளியிலேர்ந்து அழுக்கக் கொண்டு வர்றதே நீங்கதான்" என்று எல்லார் முன்னிலையிலும் கத்திய மருத்துவமனைக் கண்காணிப்பாளர், அவளை வார்டுக்குள் விடக் கூடாதென்று உத்தரவும் போட்டுவிட்டார். ஒன்பது நாளாகக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் புருஷனைப் பார்க்கிறாள்.

"நான் தொட்டதாலயா அவருக்கு இப்படி ஆச்சு? உண்மையச் சொல்லும்மா" என்று வெல்டரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது ஆய்வகப் பெண்ணுக்கு ரத்தம் கொதித்தது. மற்ற நாலு பேரை இவள் எங்கே தொட்டாள்?

ஐவரும் போய்வந்த ஒரே இடம் புண் கழுவும் அறை. அங்கே தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் குழாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டாள். வழவழவென்று கசடு வந்தது. மூன்றாம் நாள் முடிவு வந்தது. அதே கிருமி, மரபணுவில் எழுத்துப் பிசகாமல்.

கண்காணிப்பாளர் அவளை அறைக்கு அழைத்தார்.

"குழாயில எடுக்கச் சொல்லி யாரு சொன்னா? ரிப்போர்ட்ல அந்த ஒரு வரிய எடுத்துட்டுக் குடுங்க. வெளில தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகும்?"

"ரெண்டு உசுரு போயிருக்கு சார்! குழாய மாத்தச் சொல்லி நர்சுங்க நாலு தடவ எழுதினாங்க. அதுக்குப் பதிலே இல்ல. அந்தம்மா மேல பழியப் போட மட்டும் ஒரு நிமிஷம் போதுமா?"

"டெஸ்ட் பண்றதுதான் உங்க வேல. பேசறது இல்ல."

"பண்ணிட்டேன், கையெழுத்தும் போட்டுட்டேன். நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவுல எல்லாருக்கும் காலையிலயே போயிடுச்சு."



மறுநாளே குழாய் மாறியது. ஆறாவதாக யாருக்கும் தொற்று வரவில்லை. அந்தப் பதினொன்றில் இல்லாத, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் பழைய மருந்து ஒன்று வெல்டரை இழுத்துப் பிடித்தது. இடது கை மட்டும் இனி மடங்காது. மனைவியை உள்ளே விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

ஆய்வகப் பெண்ணுக்குத்தான் கடிதம் வந்தது, அனுமதியில்லாமல் மாதிரி எடுத்ததற்கு விளக்கம் கேட்டு. இறந்த இருவரின் முடிவுகளையும் பின்னால் இணைத்து, "இதுதான் விளக்கம்" என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிய பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.