சோப்பு வைத்த டேங்க்

என் நினைவில் இருப்பதெல்லாம் நடந்தபடிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று சாயந்திரம் எங்கள் வாசலில் பெட்ரோல் வாடை அடித்தது என்று நினைக்கிறேன். சாம்பிராணி வாடை மட்டும்தான் இருந்தது என்கிறாள் என் தங்கை கஸ்தூரி. அப்பாவிடம் இரண்டு முறை வாய் திறந்து சொன்னதாக எனக்கு நினைவு. ஒரு முறைதான், அதுவும் ஒரே வார்த்தை என்கிறாள் அவள். இருவரும் ஒரே இடத்தில், கை தொடும் தூரத்தில் நின்றிருந்தோம். நான்கு வருடம்தான் ஆகிறது.

ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. காரின் டேங்க் ஒழுகுகிறது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்பா அருணகிரி சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் தொண்ணூற்றெட்டில் வாங்கியது. வெள்ளை நிறம், கதவுகளின் அடியில் துரு. டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. கண்ணாடி இறங்கியிருந்தால் கையை உள்ளே விட்டுத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் சொட்டும். பெருமழைக்குக் கூரையும் சொட்டும். யாராவது குறை சொன்னால், "எழுபத்தோரு வயசுல எனக்கும்தான் ஒழுகுது, தூக்கியா போட்டுட்டீங்க?" என்பார்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் அவரும் மட்டும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசிக்கொண்டால் ஜாஸ்தி. அவர் காரைத் துடைப்பார், நான் படித்துக்கொண்டிருப்பேன். இருவருக்கும் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று ஆயுத பூஜை. கஸ்தூரி கீழ்பென்னாத்தூரிலிருந்து கணவர் திருமலையோடும் ஆறு வயது மகள் பூஜாவோடும் வந்திருந்தாள். மறுநாள் எல்லோரும் காரில் மேல்மலையனூர் போவதாக ஏற்பாடு. காலையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். எனக்கும் வேறு வேலை இல்லை. வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் கஸ்தூரி சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

பங்க்கிலிருந்து திரும்பும்போது, செங்கம் ரோடு திருப்பத்தில் பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, பின்னாடி ஊத்திக்கினே வருது பாருங்க. பெட்ரோல் போல கீது."

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு நடுவே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அரை டேங்கோடு ஓடியவரை வெளியே தெரியாத ஓட்டை, நிறைத்ததும் தெரிந்துவிட்டது. சொட்டுகள் தார்ச்சாலையில் விழுந்த இடம் ஒரு கணம் கறுத்துப் பிறகு ஒன்றுமே விழாததுபோல் ஆகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அடி அண்ணாமலையில் ராமதாஸின் ஷெட். பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கள் காரைப் பார்ப்பவர். நான் போனபோது ஷெட்டைக் கழுவிவிட்டு, ஒரு பலகையில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு முடித்திருந்தார்.

"இன்னா சார், இன்னிக்குப் போய் வண்டியக் கொண்டாந்துக்கிறீங்க?"

"டேங்க் ஒழுகுது ராமதாஸ்."

சாக்கை விரித்து அடியில் போனார். வெளியே வந்து விரலை மோந்து பார்த்தார். முகம் மாறியிருந்தது.

"துரு தின்னு ஊசி ஓட்டை உழுந்துக்குது. டேங்க எறக்கி, காலி பண்ணிட்டு அடைக்கணும்."

"இப்ப முடியாதா?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "பொட்டு வெச்சிட்டேனே சார். இன்னும் அரை மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? பொட்டு வெச்ச ஸ்பேனர எப்படித் தொடறது? நீங்க இன்னிக்கு புக்கு தொடுவீங்களா, சொல்லுங்க."

"தொட மாட்டேன்" என்றேன்.

அவர் மனைவியிடம் துணி சோப்பு ஒரு துண்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து மாவுபோல் பிசைந்துகொண்டு மறுபடி அடியில் போனார். வெளியே வந்தபோது சொட்டு நின்றிருந்தது.

"பெட்ரோலு சோப்பக் கரைக்காது சார். தண்ணி கரைச்சிடும். அதான் இதுல விஷயமே. நாளைக்கு மத்தியானம் கொண்டாந்துடுங்க, அது வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. கல்பூரம் கில்பூரம் வண்டி கிட்ட வாணாம், வெறும் பூ வெச்சிட்டு உட்டுடுங்க. பெரியவர் கிட்ட மறக்காம சொல்லிடுங்க. அவருதான் பொழுதன்னிக்கும் கழுவிக்கினே இருப்பாரே."

"சொல்றேன்."

இந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வந்ததும் திருமலையோடு பேச உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

மனதுக்குள் வாக்கியத்தை அமைத்துப் பார்த்தபடிதான் இருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்வதற்குக்கூடக் "குளிர வை" என்று சொல்கிறவர் அப்பா. நல்ல நாளில் அந்த வீட்டில் வாயில் வரக்கூடாத சொற்கள் பல உண்டு. நான் அமைத்த வாக்கியம் ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஒரு சொல்லில் போய்த்தான் நின்றது. பற்றிக்கொள்ளும். எரிந்துவிடும். பூஜையே வேண்டாம். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எப்படி இதைச் சொல்வது? பூஜை சாயந்திரம்தானே, நேரம் இருக்கிறது என்று எழுந்து கை கழுவினேன்.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணை உறைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தேன். மூன்றரை மணி இருக்கும், வாசலில் மோட்டார் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

"தாத்தா, அடியிலயும் அடிங்க தாத்தா." பூஜாவின் குரல்.

"அடியிலதாம்மா அழுக்கே. மாப்ள, பைப்ப இன்னும் உள்ள விடுங்க. அப்படித்தான்."

"மாமா, வண்டி கரைஞ்சிடப் போவுது" என்றார் திருமலை. எல்லோரும் சிரித்தார்கள்.

எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்தேன் என்றுகூட ஒரு நினைவு இருக்கிறது, கதவின் தாழ்ப்பாளில் கை வைத்ததாக. ஆனால் அதன் பிறகு இரண்டு பக்கம் படித்தேன் என்பதும் நினைவிருக்கிறது. எந்தப் பக்கங்கள் என்று இன்றும் சொல்வேன். ராமதாஸ் அழுத்தித்தான் வைத்தார், அவ்வளவு சீக்கிரம் கரையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. நின்ற பிறகு வந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கஸ்தூரி வந்து கூப்பிட்டாள். "அண்ணா, வா. அப்பா ஆரம்பிச்சிட்டாரு."

எங்கள் தெரு மலைப்பக்கத்திலிருந்து கீழே சரிந்து இறங்குவது. காரின் பின்புறம் மேட்டில், முகம் பள்ளத்தில். கழுவிய தண்ணீர் இன்னும் காயாமல் காரின் அடியில் ஓடி, முன்பக்கம் போட்டிருந்த கோலத்தின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டு தேங்கியிருந்தது. முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பானெட்டில் சாமந்தி மாலை. கஸ்தூரி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். ஹாரன் அடிப்பதற்காகப் பூஜாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடிகளெல்லாம் ஏற்றியபடி இருந்தன, கழுவும்போது ஏற்றியவை.

தேங்கிய தண்ணீரின் மேல் நிறங்கள் மிதந்தன. மயில்கழுத்து நிறம், ஊதா. இது என் கண் முன் இப்போதும் இருக்கிறது. இதையும் கஸ்தூரி பார்க்கவில்லை என்கிறாள்.

அப்பா பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். "ஒழுகுது."

அவர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். "இப்பத்தானேடா கழுவினேன். ஒழுகாம இன்னா பண்ணும்?"

திருமலை சிரித்தார். "புக்கப் பிடுங்கினாத்தான் மச்சானுக்குப் பேச்சே வருது. வருஷத்துக்கு ரெண்டு தரம் ஆயுத பூஜை வெக்கணும்."

"அது இல்ல" என்றேன். அதற்குப் பிறகு வர வேண்டிய சொல் பெட்ரோல். அதுதான் வரவில்லை. அப்பா என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அவர் காத்திருந்தார் என்பதை நான் மறுக்க முடியாது. எங்களுக்குள் அது பழக்கம்தான், ஒருவர் வாய் திறந்து மூடிக்கொண்டால் மற்றவர் விட்டுவிடுவது.

"நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய அப்படி வெச்சிக்காத" என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"பாப்பா எறங்கட்டுமே" என்று இரண்டாவது முறையாக நான் சொன்னது அப்போதுதான். மனதுக்குள் சொன்னேனா, சத்தமாகச் சொன்னேனா என்பதுதான் எனக்கும் கஸ்தூரிக்கும் உள்ள வழக்கு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூஜா ஹாரனை அடித்தாள். அப்பா காரைச் சுற்றி மூன்று முறை காட்டிவிட்டு, கோலத்தின் எதிரில் வந்து நின்று பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்.

கற்பூரத் துண்டுகள் சிதறின. ஒன்று தண்ணீரில் விழுந்தது. அணைந்துவிடும் என்றுதான் பார்த்தவர் எவரும் நினைத்திருப்பார்கள். அணையவில்லை. தண்ணீரின் மேலேயே நீலமாக ஒரு கோடு, சத்தமே இல்லாமல், பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிக் காரின் அடியில் ஓடியது. நெருப்பு மேலே ஏறிப் போவதை அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். நிலம் அளக்கும்போது அளவு சரியாக வராத சங்கிலியைப் பார்ப்பதுபோல். பிறகு பின்பக்கம் முழுவதும் குப்பென்று பற்றிக்கொண்டது.

திருமலை டிரைவர் கதவைப் பிடித்து இழுத்தார். மருமகன், வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர். அந்தக் கதவின் குறை அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பாவுக்குத் தெரியும். அவர் நேராக மறுபக்கம் ஓடி, கதவைத் திறந்து, சீட்டின் மேல் குப்புற விழுந்து பூஜாவை இடுப்பில் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். கஸ்தூரி வாங்கிக்கொண்டாள். அப்பா எழுந்திருப்பதற்குள் வேட்டியில் தீப்பிடித்துக்கொண்டது. நானும் எதிர்வீட்டுக்காரரும் கோணிச் சாக்கைப் போட்டு மூடினோம். என் கைகள் அப்போதுதான் அசைந்தன.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஐந்தாறு நாள் நல்ல நினைவு இருந்தது. ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன்.

"கழுவினது தப்பு" என்றார். "தண்ணியடிச்சதுல எதுவோ பிச்சிக்கிச்சி. பழைய வண்டி. நான்தான் அடியில விடச் சொன்னேன் மாப்ளைய."

நான் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கொழந்தைய நான் பாக்கணும். கஸ்தூரிய மன்னிச்சிக்கச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்கள் திரும்பிக்கொண்டிருந்தன. ராமதாஸ் பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் தப்பு இல்லை, எனக்குத் தெரியும், எனக்குக் காலையிலேயே தெரியும். ஏழெட்டு வார்த்தை. தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் நாள் இறந்தார். கார் எரிந்தது தன் தப்பால்தான் என்று நம்பியபடியே போனார்.

காரியத்தன்று ராமதாஸ் வந்தார். கஸ்தூரியிடம், "அண்ணன் கிட்ட அவ்ளோ சொல்லி அனுப்பினேனேம்மா" என்று அழுதார். அவள் என்னைப் பார்த்தாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு முறை கேட்டாள், நான் எனக்கு நினைவிருப்பதைச் சொன்னேன், அவள் அவளுக்கு நினைவிருப்பதைச் சொன்னாள்.

பூஜா இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இடது காலில் கணுக்காலுக்கு மேல் தோல் சுருங்கியிருக்கிறது. நடக்கவும் ஓடவும் சிரமம் இல்லை. திருமலை கீழ்பென்னாத்தூரில் உரக்கடை நடத்துகிறார், என்னோடு பேசுவதில்லை. கஸ்தூரி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்கிறாள், வருவதில்லை. ராமதாஸ் ஷெட்டை மூடிவிட்டுப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எரிந்த காரைப் பழைய இரும்புக்கு எடுத்துச் சென்றார்கள். நான் அந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்.