மலைவாசல் கோமகன்

ஹோம்புஷ் தேவாலய மண்டபத்தின் பின்கட்டில், கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து நாகேஸ்வரி மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. மீசையின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. திரைக்கு அப்பால் நூறு பேருக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்ட இரைச்சல் கேட்டது. சிட்னியில் இத்தனை தமிழர் ஒரே கூரையின் கீழ் கூடி அவள் பார்த்ததில்லை. அத்தனை பேரும் தான் எழுதிய நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள். தனக்கு இருப்பது பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"இன்னைக்காவது சொல்லு நாகேசு. முடிவுதான் என்ன?" என்றான் அவள் கணவன் கிருஷ்ணசாமி. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. கையிலிருந்த தாள்கட்டில் கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"தெரியேல்லை."

"தெரியலையா? இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தக் காட்சி வந்துடும்டி."

"இஞ்சருங்கோ, முதல்ல இந்த மீசையைப் பிடியுங்கோ. அதுதான் இப்ப அவசரம்."

எல்லாம் நகராட்சி நூலகத்தில் தொடங்கியது. அங்கே தட்டச்சுப் பெண்ணாக இருந்த நாகேஸ்வரி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைக்கு அகப்பட்ட புத்தகத்தைப் புரட்டுவாள். அப்படி ஒருநாள் அகப்பட்டவன்தான் அந்தக் கோமகன். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலைவாசலைக் காத்துக்கொண்டிருந்த குட்டிப் பிரபு. வடக்கே ஒரு ராஜா, தெற்கே ஒரு ராஜா. யார் யார் மீது படையெடுத்தாலும் இவன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே மனிதன் மகளை வடக்கே கட்டிக்கொடுத்தான், மகனைத் தெற்கே பணயமாக அனுப்பினான், இரண்டு ராஜாக்களிடமும் தனித்தனியாக, உங்களுக்குத்தான் நான் என்று சத்தியம் செய்தான். ஒரு கோடையில் இரண்டு படைகளும் ஒரே நாளில் மலையின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. அத்தோடு சரி. அதன் பிறகு கோமகன் என்ன ஆனான் என்று எந்த ஏட்டிலும் இல்லை என்று புத்தகம் கையை விரித்துவிட்டது. நாகேஸ்வரி கையிலிருந்த சாண்ட்விச்சைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தாள். இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரி. கிருஷ்ணசாமி கரூர்க்காரன். மெல்பனில் ஒரு கல்யாண வீட்டில் கண்டு, பிடித்துப்போய், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கட்டிக்கொண்டவர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அவள் "ஓம்" என்பாள். இந்தியத் தமிழர் வீடுகளில் வாய் தானாகவே "ஆமா" என்றுவிடும். ஒரு வீட்டில் தேங்காய்ப்பால் சொதி நல்லாயிருக்கு என்று சொல்லி வாய் கழுவி, அடுத்த வீட்டில் சாம்பாரை அதைவிடப் புகழ்வாள். இரண்டும் பொய்யல்ல என்பதுதான் அவளுடைய கஷ்டம்.

ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு இரண்டு வயதுதான் ஆகியிருந்தது. தலைவர் தேவராஜா, ரயில்வே எஞ்சினியர், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. செயலாளர் நரசிம்மன், கணக்காளர், கும்பகோணம். பொங்கல் விழாவில் முதலில் யார் பேசுவது, வடையா மோதகமா, எதை எடுத்தாலும் இழுபறி. நாடகம் முடிந்த கையோடு பொதுக்கூட்டம் இருந்தது. அதில் ஒரு பக்கம் எழுந்து வெளியேறினால் அடுத்த பொங்கலுக்கு இரண்டு சங்கம், இரண்டு மண்டபம். தானும் கிருஷ்ணசாமியும் எந்த மண்டபத்தில் போய் உட்காருவது? யோசிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

நாடகம் போடலாம் என்று அவள் சொன்னதும் ஆண்கள் எல்லோரும் ராஜாவாக முன்வந்தார்கள். கோமகன் வேஷத்துக்கு ஒருவர்கூட அகப்படவில்லை. "மண்டியிட்டுக் கும்பிடுற வேஷமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று நரசிம்மன் சிரித்தே தட்டிக்கழித்தார். "பிள்ளை, நீரே போடும். நீர்தானே எழுதினனீர்" என்றார் தேவராஜா. அப்படித்தான் மீசை அவளிடம் வந்து சேர்ந்தது. வடக்கு ராஜா நரசிம்மன். தெற்கு ராஜா தேவராஜா. கோட்டைக் கதவை நரசிம்மன் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் வெட்டி, சாயம் பூசி, ஆணித் தலைகூட வரைந்து அசத்திவிட்டார். பார்த்த தேவராஜாவுக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம் என்று சொல்லி, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டை ஒன்றைப் பாதியாய்ப் பிளந்து காரின் மேல் கட்டிக் கொண்டுவந்தார். "எங்கட வேலையில அட்டை இல்லைப் பாரும்." அதைத் தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சியை மட்டும் அவள் ஒத்திகை பார்க்கவேயில்லை. ஒருநாள் காரில் போகும்போது தேவராஜா கேட்டார்: "முடிவில கோமகன் ஆரிட்டச் சரணடையிறான்?" வாய் தானாகச் சொன்னது: "உங்களிட்டத்தான் அண்ணை." அன்று மாலையே நரசிம்மன் தொலைபேசியில்: "ஏம்மா, கடைசியில என்கிட்டதானே வர்றான்?" "ஆமா சார், பின்னே?" இரண்டு பேருக்கும் தனித்தனியாக வெற்றி முழக்கம் எழுதி, மற்றவரிடம் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுத்தாள். எழுதியது ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய கதையாம்!

திரை விலகியது. கூட்டம் நடுவழிக்கு இடப்பக்கம் யாழ்ப்பாணம், வலப்பக்கம் இந்தியா என்று கட்சி பிரிந்து உட்கார்ந்திருந்ததை அவள் மேடையிலிருந்துதான் கவனித்தாள். பெண் மீசையோடு வந்து நின்றதும் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மகளை வடக்கே அனுப்பும் காட்சியில் முன்வரிசையில் விமலாதேவி அன்ரி மூக்கை உறிஞ்சினார். மகனைத் தெற்கே அனுப்பும் காட்சியில் வலப்பக்கத்துப் பத்மா மாமி, "அடப்பாவி, புள்ளையவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். இவ்வளவு நாளும் எங்கே இருந்தேன் என்று நாகேஸ்வரிக்குத் தோன்றியது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மேடையின் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ராஜாக்களும் நுழைந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைத்தார்கள். மற்றவர் தவறிப்போய் வந்துவிட்டார் என்றே இருவரும் நினைத்திருக்க வேண்டும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் முழங்கத் தொடங்கினார்கள்.

"கோமகனே! உன் வாள் இனி வடதிசைக்கே..."

"கோமகனே! உன் வாள் இனித் தென்திசைக்கே..."

இடப்பக்கம் கைதட்டியது. வலப்பக்கம் விசிலடித்தது. யாரோ எழுந்து, "என்னய்யா நடக்குது?" என்றார். நரசிம்மன் முழக்கத்தை விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில், "என்கிட்டன்னு சொன்னியேம்மா" என்றார். "அப்ப எனக்குச் சொன்னது?" என்றார் தேவராஜா, அது தணிந்த குரலாகக்கூட இல்லை. திரையோரம் கிருஷ்ணசாமி வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். வியர்வையில் மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒரு குழந்தை ஆங்கிலத்தில் அதை ஊருக்கே அறிவித்தது.

நாகேஸ்வரி இடமும் வலமும் பார்த்தாள். எவர் காலில் விழுந்தாலும் பாதி மண்டபம் எழுந்து போய்விடும். அட்டைக் கதவுக்குக் குறுக்கே இரண்டு பெட்டிகள் மேல் கிடந்த கணையமரம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். பிறகு பேசியது அவளா கோமகனா என்று அவளுக்கே தெரியாது.

"மன்னர்களே!" அவள் குரல் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "என் முன்னோர் வகுத்த முறை ஒன்றுண்டு. இந்த வாசலின் கணையமரத்தைத் தாங்குபவர் எவரோ, அவருக்கே என் வாள். ஆளுக்கொரு முனையைப் பற்றுங்கள். முதலில் கைவிடுபவர் தோற்றவர்!"

மண்டபம் அதிர்ந்தது. இரண்டு ராஜாக்களும் பாய்ந்து ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் கனம் தெரிந்தது. ஒருவர் விட்டால் மற்றவர் காலில்தான் விழும். கிரீடங்கள் சரிய, முகங்கள் சிவக்க, இருவரும் நின்றார்கள். நாகேஸ்வரி வாளை மேடையில் வைத்தாள். படியிறங்கி, இரண்டு கட்சிகளுக்கும் நடுவே நடந்து, மண்டப வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

கார்கள் நிற்கும் முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. மரங்களில் சிக்காடா எனும் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. அவளுக்கு ஓட வேண்டும் போலவும் உரக்கச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரக் கிழவர் அரை மீசையையும் பட்டு அங்கியையும் பார்த்து, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கோமகன் என்ன ஆனான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இப்படித்தான் எங்கோ ஒரு வெயிலில் வந்து நின்றிருப்பான், உள்ளே என்ன நடக்கிறதோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு.

உள்ளே சிரிப்பு ஓய்ந்துவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள்.

யாரும் எழுந்து போயிருக்கவில்லை. எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவராஜாவின் முனை தாழ்ந்துகொண்டே வந்தது. அவருக்கு முதுகுவலி என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நரசிம்மன் அவரையே பார்த்தார். பிறகு மெல்லக் கையை மாற்றி மாற்றி மரத்தின் நடுப்பக்கமாக நகர்ந்து, பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். தேவராஜா ஏதோ சொன்னார். நரசிம்மன் ஏதோ பதில் சொன்னார். இரண்டும் அவள் எழுதிய வசனமல்ல. அவர்கள் உதடு அசைவதுதான் தெரிந்தது.

மரத்தை விடாமலேயே இருவரும் அவள் போன வழியைப் பார்த்தார்கள். பிறகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து மேடைப் படியின் விளிம்புக்கு வந்து நின்றார்கள். படி குறுகல். நடுவழியும் குறுகல். மரத்தோடு கோமகனைத் தேடி வெளியே வருவதென்றால் நீளவாக்கில்தான் கொண்டுவர முடியும். யாராவது ஒருவர் முன்னால் வந்தாக வேண்டும், மற்றவர் பின்னால்.

நாகேஸ்வரி இரட்டைக் கதவின் கொக்கியைக் கழற்றி, இரண்டு கதவையும் சுவரோரம் வரை தள்ளித் திறந்து, ஒன்றுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, மற்றொன்றை முதுகால் பிடித்துக்கொண்டாள். மாலை வெயில் நடுவழியில் மேடைவரை நீண்டு விழுந்தது. அதன் எல்லையில் மரத்தின் ஒரு முனை மெதுவாக, மிக மெதுவாக, அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.