போதும் என்று சொல்லாத வீடு

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். மாதா படத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, கற்பூரம் அணைக்கச் சொன்னாலும் சரி. ஒரு வார்த்தை பொய்யானாலும் நாக்கு அழுகிப் போகட்டும்.

சவரிமுத்து கொத்தனாருக்கு வீடும் வேலையும் கணையத் தெருவில். இரைப்பைக்குப் பின்பக்கம், கொஞ்சம் இருட்டான இடம். தெரு மொத்தமும் ரோஸ்லின் டீச்சருக்குச் சொந்தம். அவருடைய வயிற்றுக்குள்தான் அது இருந்தது. டீச்சர் ஒருநாளும் தெருவை வந்து பார்த்ததில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு இறங்கி வந்துவிடும். நல்ல மனுஷி.

அந்தத் தெருவில் கொத்தனார்களுக்கு ஒரே ஒரு தொழில் சட்டம். ஒரு வீட்டிலிருந்து காயம் என்று ஆள் வந்தால் பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே, எப்படி என்று கேட்கக் கூடாது. பூச வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வீட்டு ஆள் யாராவது ஒருவர் ‘போதும்’ என்று சொல்லி ஒரு டம்ளர் காப்பி நீட்டுவார். குடித்துவிட்டு, கரணையைக் கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். அந்த வார்த்தை வராமல் கரணையைக் கீழே வைத்தவன் அந்தத் தெருவில் இல்லை.

ஒன்பதாம் நம்பர் ஆரோக்கியம் காயம் என்று ஆள் அனுப்பிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ‘போதும்’ சொல்லவில்லை.

ஒன்பதாம் நம்பர் முதலில் ஓர் அறை வீடு. மறுநாள் காலையில் இரண்டு அறை. அடுத்த வாரம் எட்டு. சில அறைகளுக்குக் கதவு இல்லை. ஒன்றுக்குத் தரை இல்லை. ஆட்களும் கூடிக்கொண்டே போனார்கள். எல்லாருக்கும் ஒரே முகஜாடை, எல்லாருக்கும் பெயர் ஆரோக்கியம். கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பினார்கள்.

“வாரும்வே கொத்தனாரே. நேத்துப் பூசினது பத்தாது” என்றார் மூத்த ஆரோக்கியம்.

“காயம் எங்க இருக்கு அண்ணாச்சி? நான் இன்னும் கண்ணாலயே பாக்கலியே.”

“உள்ள இருக்கு.”

“உள்ள எங்க?”

“நீரு பூசும். அதுபாட்டுக்கு வரும்.”

சவரிமுத்து பூசினார். சுவர் தடித்தது. ஆணி இறங்கவில்லை. பிறகு சுத்தியலே இறங்கவில்லை. பதினோரு மாதமாக இழுத்து இழுத்துப் பூசியதில் அவருடைய கைகள் ஐந்து முழம் நீண்டுவிட்டன. ஏணிச் செலவு மிச்சம். லூர்தம்மா சட்டைக் கைகளுக்கு ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சவரிமுத்துவின் மனைவி அவள். எதற்கும் ஆச்சரியப்படுகிற ஜாதி இல்லை.

அவளுக்கு இருந்த கவலை வேறு. அவர்கள் வீடு பத்தாம் நம்பர். ஒன்பதாம் நம்பரின் சுவர் தினமும் அரை சாண் இந்தப் பக்கம் நகர்ந்தது. அடுக்களையில் முன்பு நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். இப்போது ஒருவர் நின்று சாப்பிடலாம்.

“நீங்க பூசுத சுவரு நம்ம அம்மிய முழுங்கிட்டு” என்றாள்.

“அவரு போதும்னு சொல்லலியே லூர்து.”

“சொல்ல மாட்டாரு.”

“சொல்லாம எப்படி நான் கரணைய வைக்க?”

அவள் பானையை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. தெருக் குழாய்கள் எல்லாமே ஒன்பதாம் நம்பருக்குத் திரும்பியிருந்தன. கோணலும் மாணலுமாக, பாதி வழியில் ஒழுகிக்கொண்டு போயின. யார் பதித்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

காவல்காரர் பிச்சையா எதற்கு இருக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் முதல் மாதமே தடியோடு போனார். ஆரோக்கியத்தை அடித்து விரட்டத்தான் போனார். அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அதிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அதே தடியால் வேறு காவல்காரர்கள் வந்தால் விரட்டினார். வீட்டு ஆட்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதும் வேலையும் அவருக்குத்தான். பாதி நோட்டு ஆரோக்கியம் என்றே இருந்தது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து லாரி வந்தது. சுவரைச் சுற்றி நாலு தடவை ஓடியது. உள்ளே போக ஒரு விரல் சந்து இல்லை. ஓட்டுநர் குழாயைத் தெருவிலேயே திறந்துவிட்டார். மற்ற வீட்டுக் கூரைகள் உதிர்ந்தன. மேலே டீச்சருக்குத் தலைமுடி உதிர்ந்ததாகச் சொன்னார்கள்.

“யாரு பூசினது இத?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“நான்தான்.”

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். “நல்ல வேலை” என்றார் சோர்வாக. மருந்து அடித்தாயிற்று என்று ஒரு தாளில் சவரிமுத்துவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மேலிருந்து சாப்பாடு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டீச்சர் படுத்துவிட்டார் என்றால் தெருவே படுத்துவிட்டது என்று அர்த்தம். சவரிமுத்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், லாரி நுழையும் அளவுக்குச் சுவரில் ஓர் ஓட்டை போட்டார். சட்டத்தில் இடிக்கக் கூடாது என்று இல்லை.

அடுத்த லாரி வருவதற்குள் அந்த ஓட்டை வழியாக ஏழு ஆரோக்கியங்கள் வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு பாய், தலையணை.

“எங்க போறீங்க?”

“ஈரல் தெருவுக்கு. அங்க வாடகை கம்மியாம்” என்றார் ஒருவர். “எட்டு மாசமா வாசல் கேட்டோம். இன்னைக்குத்தான் மனசு வந்திருக்கு உமக்கு.”

சவரிமுத்து அவசர அவசரமாக ஓட்டையை அடைத்தார். பூசினால் மருந்து போகாது. இடித்தால் அவர்கள் போய்விடுவார்கள். அவர் கரணையைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றார். இருபது நாள் அப்படியே நின்றிருப்பார். கை மட்டும் தன் பாட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தது.

அந்த இருபது நாளில் சுவர் லூர்தம்மாவின் அடுக்களையைத் தாண்டிப் போயிற்று. அடுப்பு, பானை, லூர்தம்மா எல்லாம் ஒன்பதாம் நம்பரின் பதினான்காவது அறைக்குள் வந்துவிட்டன. பிச்சையா நாற்காலியோடு நகர்ந்து வந்து நோட்டை விரித்தார்.

“பேரு?”

“தெரியாதாக்கும். லூர்தம்மா.”

எழுதிக்கொண்டார்.

“பிச்சையாண்ணே, அப்ப நான் இந்த வீட்டு ஆளா?”

“நோட்டுல ஏறியாச்சுல்லா. இனிமே ஆளுதான்.”

லூர்தம்மா யோசிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். கருப்பட்டி தட்டிப் போட்டாள். சுவரில் இன்னும் ஈரமாக இருந்த ஓர் இடத்தில் விரலால் துளைத்து, டம்ளரை வெளியே நீட்டினாள்.

“ஏங்க. போதும்.”

சவரிமுத்து டம்ளரைப் பார்த்தார். பதினோரு மாதத்தில் முதல் காப்பி.

கைகள் ஒவ்வொரு முழமாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தன. கரணையைக் கழுவினார். கீழே வைத்தார். இடிக்காமலே சுவர் இளகத் தொடங்கியது. மிச்சமிருந்த ஆரோக்கியங்கள் எல்லாரும் ஒரே குரலில், “காயம், காயம்” என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ‘போதும்’ வந்தாயிற்று, சட்டம் அப்படி.

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது.

“லூர்து, வெளிய வா. லாரி வருது.”

“நோட்டுல பேரு இருக்கு. எங்க வாரது?”

“பிச்சையாட்ட பேர அடிச்சிரச் சொல்லுதேன்.”

“அவரு அடிக்க மாட்டாரு. காப்பி ஆறுது, குடியுங்க.”

சவரிமுத்து இளகிய சுவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பிச்சையா அவர் பெயரையும் எழுதினார். பிறகு தடியை ஒருமுறை பார்த்தார், எதற்கு வந்தோம் என்று நினைவு வந்ததுபோல. நாற்காலியை விட்டு எழுந்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு டம்ளரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். லாரி உள்ளே நுழைந்தது. ஓட்டுநர் குழாயைத் திறந்தார். அவருக்கு நோட்டைப் பார்க்கும் வழக்கமில்லை.

அன்று மத்தியானம் மேலிருந்து இரண்டு கவளம் தயிர்ச்சோறு இறங்கி வந்தது.

கணையத் தெருவில் யாருக்கும் வாய் கிடையாது; அழுகிப் போக நாக்கும் கிடையாது.